பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு டிரம்கள்

ப்ளஸ் டூ வேதியியலில் நான் இருநூற்றுக்கு இருநூறு. நீங்கள் கேட்கவில்லை என்பது தெரியும். யாருமே கேட்டதில்லை. ஆனாலும் இருபத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்னேன். விசா நேர்காணலில், அதிகாரி என் சம்பளத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். நியூஜெர்சியின் எடிசன் நகரத்துக்குக் குடிவந்த வாரம் சமையலறைத் தொட்டியின் அடைப்பை எடுக்க ஒருவர் வந்தார். அவர் ஊற்றப்போகும் திரவத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கே விளக்கும் சாக்கில் அவரிடமும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்னைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார்.

நான் படித்தது நாமக்கல் பக்கத்தில் ஒரு ஹாஸ்டல் பள்ளி. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்துக்கு அங்கே அட்டை போட்டதோடு சரி. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் திருப்பித் திருப்பி எழுதினோம். ஒரு மார்க் கேள்விகளுக்கென்று தினமும் டிபனுக்கு முன்னால் தனியாக ஒரு தேர்வு. கேள்வியின் முதல் மூன்று சொற்களைப் பார்த்ததும் கை தானாக விடையை எழுதிவிட வேண்டும். நான்காவது சொல்லைப் படிப்பவன் மந்தம். 'பிஹெச் அளவுகோலின் எல்லை' என்று தொடங்கினால் '0 முதல் 14 வரை' என்று முடியும். அமிலம் கடுமையாக ஆக எண் குறையும், பூஜ்யத்தோடு கதை முடிந்தது. அதற்கு மேல் பிஹெச்சோடு எனக்குப் பேச்சுவார்த்தை எதுவும் இருந்ததில்லை. செய்முறைத் தேர்வில் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கியது எப்படி என்பதை இப்போதே சொன்னால் மரியாதை போய்விடும்.

பிறகு கல்லூரியில் கம்ப்யூட்டர், பிறகு சென்னை, பிறகு எச்1பி, பிறகு நியூஜெர்சி, பிறகு கிரீன் கார்டுக்கான அந்த முடிவில்லாத வரிசை. வேதியியல் என்னைவிட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. மார்க் மட்டும் போகவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். ஒரு சரக்குக் கிடங்குக்கும் டயர் கடைக்கும் நடுவே இருக்கும் தகரக் கட்டடம். பெரிய ஆலைகள் ஒரு ரசாயனத்தை டன் கணக்கில் செய்வதற்கு முன்னால், அதை எங்களிடம் கொடுத்துச் சின்ன அளவில் செய்து பார்க்கச் சொல்வார்கள். சோதனைக்கூடத்திலிருந்து வரும் எண்களைத் துப்புரவாக்கி, அட்டவணை போட்டு, முதலாளி கையில் கொடுப்பது என் வேலை. எங்கள் தொழிலில் இதற்குப் பெயரே டேட்டா க்ளீனிங். துடைப்பம் மட்டும்தான் இல்லை.

அங்கேதான் அந்த ஏரி வந்தது. ஜாவா தீவில் ஓர் எரிமலை, அதன் வாயில் ஓர் ஏரி. படத்தில் பார்த்தால் பச்சையும் நீலமுமாக, காலண்டரில் போடலாம் போல இருக்கும். அதைத் தண்ணீர் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்கு. மலைக்குள்ளிருந்து வரும் வாயுக்கள் அதில் கரைந்து கரைந்து, கந்தக அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த திரவமாகிவிட்டது. போதாததற்குப் பாறையை அரித்து அலுமினியத்தையும் இரும்பையும் தனக்குள் இழுத்து வைத்திருக்கிறது. டெக்ஸஸில் இருந்த ஒரு நிறுவனத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. நகராட்சிக் குடிநீரைத் தெளிய வைக்கப் படிகாரம் வேண்டும். படிகாரம் செய்ய, கந்தக அமிலத்தை விலைக்கு வாங்கிக் களிமண்ணோடு காய்ச்சுகிறார்கள். ஒரு மலையே சும்மா உட்கார்ந்து அமிலம் காய்ச்சிக்கொண்டிருக்கிறது, அதையே கச்சாப்பொருளாக எடுத்தால் என்ன?

அந்தக் கூட்டத்தில் முதலாளி இதை விளக்கி முடித்ததும் நான் கையைத் தூக்கி, எங்கள் ஊரில் படிகாரத்தை முகச்சவரத்துக்குப் பின் கன்னத்தில் தேய்ப்பார்கள், கறுப்புக் கயிற்றில் கட்டித் திருஷ்டிக்கு வாசலில் தொங்கவிடுவார்கள் என்று தகவல் தந்தேன். எல்லோரும் குறித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள்.

ஏரியின் பல இடங்களில் எடுத்த தண்ணீர் நாற்பது நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்களில் கப்பலேறி வந்தது. ஒவ்வொரு டிரம்மையும் சோதிக்க வேண்டியவர் எங்கள் சோதனைக்கூடத்தின் ஒரே வேதியியலாளர். அதிராம்பட்டினத்துப் பெண், என்னைவிட நான்கைந்து வயது சிறியவர். இங்கே வருவதற்கு முன் ராணிப்பேட்டையில் தோல் ஆலைகளுக்குப் பரிசோதனை செய்துகொடுக்கும் கூடத்தில் வேலை பார்த்தவர். எங்கள் நிறுவனத்தில் அவர் ஆறு மாத ஒப்பந்தத்தில் இருந்தார். ஒவ்வொரு ஆறு மாதமும் முதலாளி மனசு வைத்துப் புதுப்பிக்க வேண்டும். தனக்கு ப்ளஸ் டூ வேதியியலில் நூற்றுப் பதினெட்டுதான் என்று முதல் வாரமே சிரித்துக்கொண்டு சொன்னார். பொறுக்குமா எனக்கு? என்னுடையதைச் சொன்னேன்.

"மாஷா அல்லாஹ்! சென்டமா? செம அண்ணா" என்றார். நியூஜெர்சியில் அந்த மார்க்குக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

இவ்வளவு கடுமையான அமிலத்தில் பிஹெச் மீட்டர் தடுமாறும் என்று அவர் பழைய வழியில் போனார். ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து, நீர்த்து, அளவுக் கோடுகள் போட்ட ப்யூரட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, கணக்குப் போட்டு பிஹெச் கண்டுபிடித்தார். இரண்டு வாரம். நாற்பது வரிகள் என் திரைக்கு வந்தன. இருபத்து நான்கு வரிகளில் 0.2, 0.5, 0.9 என்று இருந்தது. வாயு கொப்பளிக்கும் இடத்துக்கு அருகே எடுத்த பதினாறு டிரம்களில் மைனஸ் 0.2, மைனஸ் 0.3.

நான் சிரித்தேன். பாவம், டைப் பண்ணும்போது கோடு விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். அவருடைய மேஜை என் மேஜையிலிருந்து முப்பதடி தூரம். போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் சங்கடப்படுவாரே என்று விட்டுவிட்டேன், அவ்வளவு பெருந்தன்மை. பூஜ்யத்துக்கும் பதினான்குக்கும் வெளியே எது இருந்தாலும் தூக்கிவிடு என்று ஒரு வரி நிரல் எழுதினேன். பதினாறு டிரம்களும் மறைந்தன. பக்கத்தில் 'லேப் பிழை' என்று குறிப்பும் போட்டு, மிச்சத்துக்குச் சராசரி எடுத்துக் கொடுத்தேன். பிஹெச்சைக் கூட்டி வகுத்துச் சராசரி எடுப்பதே தப்பு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஒரே வேலையில் இரண்டு தப்பு செய்யவும் ஒரு திறமை வேண்டும்.

விஷயம் இதுதான். எத்தனை மூட்டைக் களிமண் போடுவது என்பது அமிலம் எவ்வளவு கடுமை என்பதைப் பொறுத்தது. இருப்பதிலேயே கடுமையான பதினாறு டிரம்களை நான் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் டிரம்கள் கிடங்கில்தான் இருந்தன. சோதனை ஓட்டத்தன்று ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் மாதிரி எடுத்து வைத்துவிட்டு, நாற்பதையும் ஒரே தொட்டியில் ஊற்றினார்கள். என் அட்டவணைப்படி களிமண் போட்டார்கள். அது தின்றது போக ஏகப்பட்ட அமிலம் மிச்சம் நின்றது.

அன்று பிப்ரவரி மாதத்துப் புதன்கிழமை. டெக்ஸஸிலிருந்து அந்த நிறுவனத்தின் ஆள் வந்திருந்தார். தடித்த கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். கலவையை ஒரு தடவை சோதித்துவிட்டு பம்புக்கு அனுப்பலாம் என்று வேதியியலாளர் சொன்னாராம். விருந்தாளியைக் காக்க வைக்க முதலாளிக்கு மனமில்லை. மதியத்துக்குள் இரும்பு பம்பின் மூட்டு அரித்துப்போய், ஒழுகி, சிமெண்டுத் தரை புஸ்ஸென்று நுரைத்துப் பொங்க ஆரம்பித்தது. யாருக்கும் அடிபடவில்லை. அலாரம் அலற, எல்லோரும் வெளியே ஓடி, பனி குவித்து வைத்திருந்த பார்க்கிங்கில் கோட்டு இல்லாமல் நின்றோம். நான் மட்டும் கோட்டோடு நின்றேன். அலாரம் அடித்ததும் முதலில் கோட்டைத்தான் எடுத்தேன்.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் முதலாளி என் அட்டவணையை போனில் திறந்துவிட்டார். நாற்பதில் பதினாறு அளவீடு பிழை என்று இதிலேயே போட்டிருக்கிறதே, அப்படியானால் மற்ற இருபத்து நான்கையும் எப்படி நம்புவது என்று வேதியியலாளரைக் கேட்டார். அவர், எதுவும் பிழை இல்லை, வந்ததைத்தான் எழுதினேன் என்றார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

இங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். நானோ தொண்டையைச் செருமிக்கொண்டு, பிஹெச் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, அது அடிப்படை வேதியியல் என்று அந்தக் குளிரில் ஒரு வகுப்பே எடுத்தேன். குறுக்கே என்னவோ சொல்ல வந்த வேதியியலாளர் என் முகத்தைப் பார்த்தார், நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, நடந்ததை ஒரு வீரக்கதையாகச் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள். பள்ளியில் வேதியியல் படிக்கும் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அப்பா, பிஹெச் கேன் பி நெகடிவ். இட்ஸ் ஜஸ்ட் எ லாக்."

"இல்லடா கண்ணு. ஜீரோ டு ஃபோர்ட்டீன். அப்பா கெமிஸ்ட்ரில..."

"டூ ஹண்ட்ரட் அவுட் ஆஃப் டூ ஹண்ட்ரட், ஐ நோ. வாட்ஸ் த டெஃபினிஷன்?"

சொன்னேன். அதுவும் மனப்பாடம்தான். ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கையினுடைய எதிர்க்குறி மதிப்பு. மறந்துபோனது என்று யாரும் சொல்ல முடியாது, ஒரு சொல் பிசகவில்லை. அவள் ஒரு காகித நாப்கினை இழுத்து, செறிவு இரண்டு என்று வைத்துக்கொண்டு மடக்கை போட்டு, முன்னால் எதிர்க்குறி போட்டாள். மைனஸ் 0.3. செறிவு ஒன்றைத் தாண்டினாலே குறி மாறிவிடும். நான் வருடக்கணக்காக ஒப்பித்த வாக்கியத்துக்குள்ளேயே அது உட்கார்ந்திருந்தது. அந்த வாக்கியத்தை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, சொல்லித்தான் இருக்கிறேன்.

"ஏனுங்க, அப்ப அந்தப் பொண்ணு எழுதுனதுதான் கரெக்டுங்களா?" என்றாள் மனைவி.

மறுநாள் காலை நேரே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் கிரீன் கார்டு மனு அந்த நிறுவனத்தின் பெயரில்தான் இருந்தது. நிறுவனம் போனால் வரிசையில் என் இடம் என்ன ஆகும், மகள் கல்லூரிக்குப் போகும்போது எந்த விசாவில் இருப்பாள் என்று வண்டி ஓட்டும்போதெல்லாம் கணக்குப் போட்டேன். காரணங்கள் எல்லாம் உண்மையானவை. நான் கோழை என்பதும் அதே அளவுக்கு உண்மை. வெள்ளிக்கிழமை வேதியியலாளரைக் கூப்பிட்டு, அடுத்த வெள்ளியோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் திரையைப் பார்த்தபடி ஏற்கெனவே துப்புரவான ஓர் அட்டவணையை மறுபடி துப்புரவாக்கினேன்.

சனிக்கிழமை ஐசலினில் ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடைக்குப் போனேன். துவரம்பருப்பு வரிசையில் திரும்பினால், எதிரே அவர் தள்ளுவண்டியோடு வருகிறார். சட்டென்று அரிசி மூட்டை அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கினேன். நான் ஒன்றும் ஒல்லியான ஆள் இல்லை.

"அண்ணா, அந்தப் பக்கம் ஆஃபர் எதுவும் இல்ல. நானும் பாத்துட்டேன்" என்று குரல் வந்தது.

அசடு வழிய வெளியே வந்தேன். அவர் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அப்படி இருந்திருந்தால் தேவலை.

"நீங்க பதினாறையும் எடுத்தது சரியாத்தான் இருக்கும் அண்ணா" என்றார். "கால்குலேட்டர்ல மைனஸ் வந்துச்சு. நான் அப்படியே எழுதிட்டேன். நிறம் மாறுற எண்ட் பாயிண்ட்ட விட்டுட்டேனா, சொல்யூஷன் ஸ்ட்ரெங்த் தப்பான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன் போல. கண்ணு வேற முன்ன மாதிரி இல்ல."

இல்லைங்க, தப்பு என்னுது என்று சொல்ல ஐந்து வினாடி போதும். நான், "பரவால்ல, விடுங்க. இங்க பருப்பு விலை ஏறிருச்சு பாத்தீங்களா?" என்றேன். அவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்து ஹலால் கடைக்குப் போக வேண்டும் என்று விடைபெற்றார். வண்டிக்குள் வந்து உட்கார்ந்தபோது என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஞாயிறு முழுக்க முதலாளிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை என்று ஒன்று இருக்கிறது. எங்கள் மென்பொருள் உலகமே அதை வைத்துத்தான் பிழைக்கிறது. 'சில அளவீடுகள் தவறுதலாக விலக்கப்பட்டிருக்கக்கூடும் என்று கண்டறியப்பட்டுள்ளது' என்று எழுதினேன். யார் விலக்கியது, யார் கண்டறிந்தது, எதுவும் தெரியாது. காற்றடித்து விலகிய மாதிரி இருந்தது. மனைவி தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"இதுல நீங்க எங்க இருக்கறீங்க?"

"சிசி-ல இருக்கேன்" என்று சமாளித்தேன். அவள் சிரிக்கவில்லை. அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் முதலாளியிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது.

திங்கட்கிழமை அவர் அறைக்குப் போனேன். 'நான்' என்பது ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்து. அதைச் சொல்ல எனக்கு இருபது நிமிடம் ஆனது. பம்பு, தட்பவெப்பம், அட்டவணை வடிவமைப்பு என்று ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியில் வந்தேன். அழித்தது நான், பிழை என்று எழுதியது நான், பார்க்கிங்கில் அடிப்படை வேதியியல் என்று சொன்னதும் நான். எதை வைத்து அவ்வளவு நிச்சயமாகச் சொன்னாய் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் அப்படி எழுதினால் ஒரு மார்க் தருவார்கள் என்றேன். அவர் வேதியியலாளரைக் கூப்பிட்டார்.

அவரிடம் முதலாளியே சொன்னார். கேட்டுவிட்டு, என்னிடம் தமிழில், "அப்ப என் ரீடிங் சரியா?" என்றார்.

"சரிதாங்க. ஆரம்பத்துல இருந்தே சரி."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலாளிக்கு வேறு கவலை இருந்தது. வியாழக்கிழமை டெக்ஸஸ்காரர் கடைசி முடிவோடு வருகிறார். சோதனைக்கூடமே சரியில்லை என்று ஏற்கெனவே நினைக்கிறார். அதே ஆள் மறுபடி சோதித்து அதே எண்ணைக் காட்டினால் அவர் ஏன் நம்ப வேண்டும்? அவர் நம்பாவிட்டால் இந்த வேலை போய்விடும், வேலை போனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வழியில்லை. அப்போது வேதியியலாளர் என்னைக் காட்டி, இவர் செய்யட்டும் என்றார். நம்பாதவர் கையிலும் அதே எண் வந்தால் யாரும் மறுக்க முடியாது, நான் பக்கத்தில் நின்று சொல்கிறேன் என்றார்.

இனி அந்த ஐம்பதுக்கு ஐம்பதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பள்ளியில் வெளித் தேர்வாளருக்கு மட்டன் பிரியாணி, எங்களுக்கு வர வேண்டிய ரீடிங் முதல் நாளே. தேர்வன்று ப்யூரட்டின் குழாயைத் திறப்பதுபோலவும் மூடுவதுபோலவும் பாவனை செய்துவிட்டு, தெரிந்த எண்ணை எழுதி வைக்க வேண்டும். என் வாழ்க்கையில் நான் ஒரு சொட்டைக்கூட எண்ணி விட்டதில்லை. செவ்வாயும் புதனும் பயிற்சி எடுக்க நினைத்தேன். வேதியியலாளர் மறுத்துவிட்டார். பழகிவிட்டால் கை பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும் என்றார்.

வியாழக்கிழமை பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, எனக்குச் சிறியதாக இருந்த ஒரு வெள்ளைக் கோட்டு. டெக்ஸஸ்காரர் மைனஸ் வரிகளில் ஒன்றைக் கைவைத்துக் காட்டி, இந்த டிரம்மின் மாதிரி என்றார். அந்த டிரம்முக்கு வேதியியலாளரின் நோட்டில் இருந்த ரீடிங் 20.6 மில்லி என்று எனக்குத் தெரியும். நீர்த்த ஏரித் தண்ணீரில் நிறங்காட்டியை விட்டதும் சிவந்தது. குழாயைத் திறந்தேன். மஞ்சளாகும்போது நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். சிவப்பு அசையவே இல்லை. ப்யூரட்டில் அளவு இருபதைத் தாண்டியது. என்ன இது என்று நான் குடுவையை எட்டிப் பார்த்த நேரத்தில் பளிச்சென்று மஞ்சளாகி, நான் மூடுவதற்குள் 21.9 காட்டியது.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவை எடுத்து நோட்டில் 20.6 என்று எழுதினேன்.

சத்தியமாக யோசித்து எழுதவில்லை. கை எழுதியது. அதற்கு அந்த ஒரு வேலைதான் தெரியும். பக்கத்தில் நின்றவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"என்ன வந்துச்சோ அத எழுதுங்க அண்ணா."

"அது தப்பா வந்திருச்சுங்க. இத எழுதுனா உங்களுக்குத்தான்..."

"வந்தத எழுதுங்க."

20.6-ஐ அடித்துவிட்டு 21.9 என்று எழுதினேன். டெக்ஸஸ்காரர் கண்ணாடியைத் தூக்கி, அடித்ததையும் எழுதியதையும் பார்த்தார். ஏன் என்று கேட்டார். முதலில் எழுதியது இவருடைய எண், எனக்கு வந்தது இது, மூடுவதில் என் கை தாமதம் என்றேன். மறுபடி செய் என்றார். இரண்டாவது தடவை இருபதுக்கு மேல் ஒவ்வொரு சொட்டாக, மூச்சுப் பிடித்துக்கொண்டு விட்டேன். 20.8. மூன்றாவது 20.7. வேதியியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். நான் சொதப்பிய முதல் ரீடிங்கைச் சேர்த்தாலும் மைனஸ், சேர்க்காவிட்டாலும் மைனஸ்.

டெக்ஸஸ்காரர் மூன்று எண்களையும் பார்த்தார். மூன்றும் அச்சடித்தாற்போல ஒன்றாக வந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன் என்றார். அப்புறம் முதலாளியிடம், நாற்பது டிரம்களின் எண்களையும் சேர்த்துக் களிமண் கணக்கைப் புதிதாகப் போடுங்கள், இந்த அம்மாவே போடட்டும் என்றார். மாலைக்குள் வேதியியலாளரின் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. என்னையும் துரத்தவில்லை. சோதனைக்கூடத்து எண் எதையும் அவருடைய கையெழுத்து இல்லாமல் நான் அழிக்கக்கூடாது என்று மட்டும் உத்தரவு.

எல்லோரும் போன பிறகு சோதனைக்கூடத்துக்குப் போனேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. தப்பை ஒத்துக்கொண்டு ஒருத்தர் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவன் அல்லவா.

"காண்ட்ராக்ட் விஷயத்துக்கு ரொம்ப ஸாரிங்க" என்றேன்.

அவர் குடுவைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"காண்ட்ராக்ட் போனா வேற தேடிக்கிடலாம் அண்ணா. இருபது வருஷமா இந்த வேல பாக்குறேன். திங்கக்கிழம நீங்க சொல்ற வரைக்கும் காலைல வந்து ப்யூரட்டக் கைல எடுக்கவே பயமா இருந்துச்சு. கண் டாக்டர்கிட்ட அப்பாயிண்ட்மெண்ட் போட்டேன். கடைல நின்னு உங்ககிட்ட சொன்னேன்ல, கண்ணு முன்ன மாதிரி இல்லன்னு? அப்ப உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்" என்றேன்.

"அதுக்கு நீங்க ஒண்ணுமே சொல்லல."

ஸாரி என்பது எனக்கு ஒரு நாளைக்கு இருபது தடவை வரும். லிஃப்ட்டில் யார் காலையாவது மிதித்தால் வரும், கூட்டத்துக்கு இரண்டு நிமிடம் தாமதமானால் வரும். அன்று அது வரவில்லை. வந்திருந்தாலும் அந்த இடத்தில் வைத்துப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்திருக்கும். நாற்பத்து நான்கு வயதில், யாரிடமும் நேருக்கு நேர் சொல்லாத ஒரு சொல்லைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

"மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. தாங்கியிலிருந்து ப்யூரட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"கழுவி வச்சிட்டுப் போங்க. மூணு தடவ" என்று சொல்லிவிட்டு விளக்குகளில் பாதியை அணைத்துவிட்டுக் கிளம்பினார்.

நான் நான்கு தடவை கழுவினேன்.